கரிச்சானுக்கு வால் பிளந்த கதை

அந்தக் காலத்தில் மாடு பேசும், நண்டு பேசும், எறும்புகூட எதிர்த்துப் பேசும். கரிச்சான் குருவிக்கு அப்போது ஒற்றை வால்தான். நீளமாக, நேராக, பளபளவென்று இருக்கும். மிடுக்கன் என்ற கரிச்சானுக்குத் தன் வாலைப் பற்றிப் பெருமை கொஞ்சநஞ்சமல்ல! எழுந்ததும் வாலைக் கோதிவிட்டுத்தான் பூச்சி பிடிக்கவே போவான்.

அந்த ஏரிக்கரையில் அல்லி என்றொரு எருமை இருந்தாள். தங்கமான மனசு. ஆனால் பாவம், வயிறு பெரிது. கால் எங்கே விழுகிறது என்று அவளுக்கே தெரியாது. ஒருநாள் தவளையின் வீட்டை மிதித்தாள். “ஐயய்யோ, மன்னிச்சிடுங்க!” என்று திரும்பினாள். திரும்பும்போது நண்டு வளையின் வாசலையும் மிதித்துவிட்டாள்.

அது யார் வளை? ஏரிக்கரைக்கே நாட்டாமையான நண்டின் வளை! அவர் கொடுக்கை உயர்த்தினார். “இனிமே நீ ஏரியில இறங்கக் கூடாது!”

சித்திரை வெயிலோ கொளுத்தியது. சேற்றில் புரளாவிட்டால் எருமைத் தோல் என்னத்துக்கு ஆகும்? அல்லிக்கு முதுகெல்லாம் எரிந்தது. வேலமரத்தடியில் நின்று விசும்பி விசும்பி அழுதாள்.

“என்னக்கா, மூக்காலேயே ஒரு ஏரி உண்டாக்குறியா?” என்று கேட்டபடி மிடுக்கன் வந்து உட்கார்ந்தான்.

அல்லி நடந்ததைச் சொன்னாள். கேட்கக் கேட்க மிடுக்கனுக்கு மனசு தாங்கவில்லை. “நீ புல்லுல நடக்கும்போது கிளம்புற வெட்டுக்கிளியைத் தின்னு வளர்ந்தவன் நான். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணுவேனா? வா, நான் பேசுறேன்.”

நண்டு நாட்டாமை வாயில் நுரை தள்ள யோசித்தார். “சரி. யாரையும் மிதிக்காம தண்ணி வரைக்கும் வரட்டும். ஒருத்தர்மேல கால் பட்டாலும் இந்தப் பக்கமே வரக் கூடாது.”

தண்ணீர் ஓரமெல்லாம் கூட்டம் கூடிவிட்டது. மிடுக்கன் முன்னால் தத்தித் தத்தி நடந்தான். “வலது பக்கம் வை. இப்போ இடது. ஆங், அப்படித்தான்!” அவன் சொல்லச் சொல்ல அல்லி ஒவ்வொரு காலாக வைத்தாள். தவளை வீடு தப்பியது, நத்தை தப்பியது.

“பலே!” என்று கூட்டம் கத்தியது. அங்கேதான் மிடுக்கனுக்குத் தலைகால் புரியவில்லை. கூட்டம் தன் வாலைப் பார்க்கட்டும் என்று தண்ணீருக்கு முதுகைக் காட்டி, அல்லியைப் பார்த்தபடி திரும்பி நின்றுகொண்டான்.

அந்த நேரம் பார்த்து நாட்டாமையின் குஞ்சுகள் வேடிக்கை பார்க்க வளையை விட்டு வெளியே வந்தன.

“வலது பக்கம் வை அக்கா!”

எதிரே நிற்பவனுக்கு வலது என்றால் அவளுக்கு அது இடது அல்லவா? அல்லி தன் வலது பக்கம் காலைத் தூக்கினாள். கீழே நண்டுக் குஞ்சுகள்!

எருமை தூக்கிய கால் சும்மா திரும்புமா? மிடுக்கன் பாய்ந்தான். வாலால் குஞ்சுகளைக் குப்பை பெருக்குவதுபோல் தண்ணீருக்குள் தள்ளினான். குஞ்சுகள் பிழைத்தன. வால்மேல் கால் இறங்கியது. வெடுக்கென்று அவன் இழுத்தான். சர்ரக்!

வால் நடுவே இரண்டாகப் பிளந்துவிட்டது.

“மிதிச்சிட்டா! மிதிச்சிட்டா!” என்று தவளை குதித்தது. அல்லி தலையைத் தொங்கப் போட்டுத் திரும்பினாள்.

“யாரை மிதிச்சா?” என்றான் மிடுக்கன். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். “நான் ஏதாவது சொன்னேனா? எனக்கு வலிக்கவே இல்லையே!”

நாட்டாமை தன் குஞ்சுகளைப் பார்த்தார். மிடுக்கனைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். “மிதிபட்டவனே இல்லேங்கிறான். அப்புறம் என்ன வழக்கு? இறங்கும்மா, இறங்கு.”

அல்லி சேற்றில் இறங்கினாள். அப்பாடா, என்ன குளிர்ச்சி! ஆனால் அவள் கண் மிடுக்கனின் வால்மேலேயே இருந்தது. “தம்பி, உன் அழகு வால் போச்சே.”

“ஒண்ணு ரெண்டாச்சு, லாபம்தானே?” என்று அவன் சிரித்தான். “இனிமே உன் எதிர்ல நின்னு மட்டும் வழி சொல்லமாட்டேன், போதும்டா சாமி!”

“எதுக்கு எதிர்ல நிக்கணும்? என் முதுகுல ஏறிக்கோ.”

அன்று முதல்தான் கரிச்சானுக்கு இரட்டை வால். அன்று முதல்தான் அது எருமை முதுகில் ஏறி, எருமை பார்க்கும் பக்கமே தானும் பார்த்துக்கொண்டு போகிறது.