கருமடுவில் கேட்ட குரல்

கருமடுக் காட்டில் வெயில் இறங்காது. மூங்கில் அப்படி அடைத்துக்கொண்டு நிற்கும். மடுவில் தண்ணீர் அசையாது. அதன் கரையில்தான் மைனா வாத்தியார் பள்ளிக்கூடம் நடத்தினார்.

பாடம் ரொம்பச் சுலபம். வாத்தியார் கிளையில் உட்கார்ந்து சொல்வார். குட்டிகள் திருப்பிச் சொல்லும்.

“வரிசையா வாங்க!”

“வரிசையா வாங்க!”

“கேள்வி கேக்கக் கூடாது!”

“கேள்வி கேக்கக் கூடாது!”

எல்லாம் ஒரே குரல். பெற்றவர்களுக்கு அதில் அப்படியொரு பெருமை!

மருதி என்ற கீரிக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. அவள் மகன் பொட்டு வீட்டிலும் அப்படியே பேசினான். கண்ணை இமைக்காமல் பார்ப்பான். “அம்மான்னு கூப்பிடுடா கண்ணு” என்று ஒரு காலையில் கெஞ்சினாள்.

“அம்மான்னு கூப்பிடுடா கண்ணு” என்றான் பொட்டு. வாய் அவனுடையது, குரல் மைனாவுடையது!

மருதி அழுதேவிட்டாள். அன்றே அவனைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினாள்.

நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தாளா? அதுதான் இல்லை! பிள்ளை பின்தங்கிப் போவானே என்ற பயம். வளைக்குள் ஒரு கல்லைப் போட்டு, அதன்மேல் ஏறி நின்றுகொண்டாள். விடிந்தால் பாடம், இருட்டும்வரை பாடம். பொட்டு முன்னைவிட மோசமானான்.

கடைசியில் காத்தி என்ற முள்ளம்பன்றியிடம் ஓடினாள். காத்தி தன் குட்டிகளைப் பள்ளிக்கே அனுப்பாதவள்.

“அக்கா, வீட்டுல எதைச் சொல்லிக் கொடுக்கணும்? எப்படிச் சொல்லிக் கொடுக்கணும்? சீக்கிரம் சொல்லுங்க!”

காத்தி கிழங்கைக் கடித்துக்கொண்டே கேட்டாள். “அவனுக்கு எது பிடிக்கும்?”

“அதை நான் கேட்டுப் பாத்ததில்லையே!” என்றாள் மருதி.

“நீ பாக்காதப்போ என்ன பண்றான்?”

“நான் பாக்காத நேரமே இல்லையே அக்கா!”

“சரி, நீ எதுக்குப் பயப்படுறே?”

“கேள்வி கேக்கக் கூடாது!” என்றாள் மருதி.

இருவரும் திடுக்கிட்டார்கள். அது மைனாவின் குரல்!

காத்தியின் முட்கள் சிலிர்த்தன. “பாத்தியா? பிள்ளையைக் கூட்டிட்டு வந்தேன்னு நினைச்சே. பள்ளிக்கூடமும் கூடவே வந்துருச்சு! போய் அந்தக் கல்லைத் தூக்கி வெளியே போடு. நான் கேட்டதை அவன்கிட்டயே கேளு. பதில் வர்றவரைக்கும் பொறுத்திரு.”

மருதி கல்லை உருட்டித் தள்ளினாள். “உனக்கு எதுடா பிடிக்கும்?” என்று கேட்டாள். அவன் அதையே திருப்பிச் சொன்னான். அடிக்கக் கையை ஓங்கினாள், அடக்கிக்கொண்டாள். நாட்கள் போயின. பொட்டு மண்ணைக் கிளறினான். எறும்புப் புற்றின் முன்னால் கிடையாய்க் கிடந்தான். மருதிக்கு உள்ளுக்குள் பதறியது. ஆனாலும் பாடம் எடுக்கவில்லை.

ஒருநாள் அவன் கரகரத்த குரலில் கேட்டான். “அம்மா, மழை வரப்போறது இந்த எறும்புக்கு எப்படித் தெரியுது?”

அவனுடைய சொந்தக் குரல்!

“எனக்கும் தெரியாதே கண்ணு! வா, பாப்போம்” என்று கட்டிக்கொண்டாள்.

பிறகு ஒரு காலை, காடு முழுக்கப் பனி இறங்கியது. வாத்தியார் இன்னும் வந்து சேரவில்லை. ஆனால் பனிக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

“வரிசையா வாங்க!”

“வரிசையா வாங்க!” என்று குட்டிகள் நடந்தன. முன்னால் போன முயல்குட்டியின் கால் தண்ணீரில் நனைந்தது. அது நிற்கவில்லை.

கரையில் அம்மாவோடு நண்டு பார்த்துக்கொண்டிருந்த பொட்டு நிமிர்ந்தான். “வாத்தியார் மரத்துலதானே உக்காருவாரு? குரல் ஏன் தண்ணிக்குள்ளேருந்து வருது?”

முயல்குட்டி நின்றது.

“கேள்வி கேக்கக் கூடாது!” என்றது குரல். அதில் கோபம் இருந்தது.

“நீ யாரு?” என்று கத்தினான் பொட்டு.

பனி கொஞ்சம் விலகியது. தண்ணீருக்கு மேலே இரண்டு கண்கள்! தினமும் அதே பாடத்தைக் கேட்டுக் கேட்டு மடுவில் கிடந்த முதலையும் மனப்பாடம் பண்ணியிருந்தது. மருதி பாய்ந்து முயல்குட்டியின் காதைக் கவ்வி இழுத்தாள். முதலையின் வாய் வெறும் தண்ணீரை மென்றது.

குட்டிகள் சிதறி ஓடின. ஒவ்வொன்றும் தன் சொந்தக் குரலில் “அம்மா!” என்று அலறியது.

வாத்தியார் மெதுவாக வந்து கிளையில் உட்கார்ந்தார். கரையில் ஒரு குட்டிகூட இல்லை. “திருப்பிச் சொல்லுங்க!” என்றார்.

“திருப்பிச் சொல்லுங்க!” என்றது மடு.

பிள்ளையைக் கேள்வி கேட்க விடுங்கள், கூப்பிடுவது யார் என்று அவனே பார்த்துக்கொள்வான்.