சன்னலோரத்து உரல்

நோயுற்ற ஒருவரின் அருகே நீங்கள் எழுப்பும் ஓசையை, அவருடைய கட்டிலில் கிடந்து என்றேனும் கேட்டதுண்டா?

ஏகாம்பரம் கேட்டதில்லை.

மலையடிவார மருத்துவசாலையில் அவர் சீடர். தலை நரைத்த பின் கற்க வந்தவர். குரு திலகவதியாரைவிட மூத்தவர். சொல்லிக் கொடுத்ததை இம்மியும் பிசகாமல் செய்வார். நோயாளர் கூடத்துச் சன்னலுக்கு வெளியே கிடந்த இரும்பு உரலில் அவர் மருந்து இடித்தால் கடைத்தெரு வரை கேட்கும். அதில் அவருக்குப் பெருமையும் உண்டு.

அந்தச் சன்னலை ஒட்டிய கட்டிலில் பவளாயி கிடந்தாள். கல்லுடைக்கும் இடத்தில் கால் நசுங்கி வந்தவள். உரிய மருந்தெல்லாம் போட்டும் புண் ஆறவில்லை, காய்ச்சல் விடவில்லை, உறக்கம் என்பதே இல்லை.

உறக்கத்துக்காக ஏகாம்பரம் அமுக்கராக் கிழங்கை இடித்துப் பாலில் கலந்து கொடுத்தார். பயனில்லை. இன்னும் நேரமெடுத்து, இன்னும் நைசாக இடித்தார்.

“ஐயா, அந்த உலக்கையால என் மண்டையிலயே ஒண்ணு போட்டுடுங்க. உங்களுக்கும் வேலை மிச்சம்,” என்றாள் பவளாயி.

அவர் சிரித்தார். மருந்தில் நம்பிக்கை போய்விட்டது போலும் என்று எண்ணிக்கொண்டார்.

மறுநாள் காலை அவள் கணவன் மாசாணம் வந்தான். “இங்க இருந்தும் தூக்கம் வரலைன்னா வீட்டுலயே கிடக்கட்டும். நாளைக்கு வண்டி கொண்டாரேன்.”

மேடும் பள்ளமுமான அந்தப் பாதையில் போனால் அவள் உயிருக்கே ஆபத்து என்பது ஏகாம்பரத்துக்குத் தெரியும். நேரே குருவிடம் போனார்.

“அம்மா, மருந்தும் சரி, அளவும் சரி. பிறகு ஏன் அவள் உறங்கவில்லை?”

“நீங்கள் நன்றாக உறங்குகிறீர்களா, ஐயா?”

“பகலெல்லாம் இடிக்கிறேன், பாதி இரவும் இடிக்கிறேன். படுத்தால் மரக்கட்டைதான்.”

“அப்படியானால் பவளாயிக்குப் பக்கத்துக் கட்டிலில் சற்றுப் படுங்கள். இன்றைக்கு நான் இடிக்கிறேன்.”

குரு உலக்கை பிடிக்க, சீடர் படுப்பதா? தயங்கித் தயங்கித்தான் படுத்தார். அலுப்பில் கண் செருகியது.

ணங்.

உடம்பு தூக்கிப் போட்டது. மறுபடியும் கண்ணை மூடினார்.

ணங்.

ஓசையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அடுத்தது எப்போது விழும் என்று காத்துக் கிடப்பதுதான் கொடிதாக இருந்தது. புரண்டு படுத்தார். அப்போதுதான் பவளாயியின் கை கண்ணில் பட்டது. உலக்கை விழுமுன்பே அது கட்டில் சட்டத்தை இறுகப் பற்றியது. மூச்சு நின்றது. ணங். மூச்சு வந்தது. கை மீண்டும் பற்றியது.

அவள் தலையைத் திருப்பினாள். “இப்பத் தெரியுதா, ஐயா?”



உரல் ஓய்ந்தது. அவளுடைய விரல்கள் மட்டும் இன்னும் காத்திருந்தன. வெகுநேரம் காத்திருந்து, பின் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. மெல்லிய குறட்டை எழுந்தது.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் வெளியே வந்தார்.

“உறங்கிவிட்டாள், அம்மா,” என்று கிசுகிசுத்தார். “இடித்த மருந்தை இன்னும் கொடுக்கவே இல்லையே.”

திலகவதியார் உரலுக்குள் கையை விட்டுத் துழாவி, விரித்துக் காட்டினார். ஒரு துணுக்குக் கிழங்கும் இல்லை.

ஏகாம்பரம் அந்த வெறுங்கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்:

“இங்கே ஓசை நின்றால், மருத்துவசாலையை மூடிவிட்டோம் என்று ஊர் நினைக்குமே?”

“பவளாயி கடைத்தெருவில் நடந்து போகும்போது ஊர் தெரிந்துகொள்ளும்.”

“சரி, அம்மா. நாளை ஆள் வைத்து உரலைப் பின்தோப்புக்கு மாற்றிவிடுகிறேன்.”

குரு முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார்.

“நாளை வண்டி வந்துவிடும். அவள் உறங்குவது இன்று. அந்தப் பக்கம் நீங்கள் பிடியுங்கள், இந்தப் பக்கம் நான். இப்போதே தூக்குங்கள், ஐயா. தரையில் இழுத்துவிடாதீர்கள்.”