மெதுவாகச் சொன்னால் விரல், உரக்கச் சொன்னால் முழம்

முன்னொரு காலத்தில் கருவேல நாட்டை நெடுமுடியன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். ஆண்டான் என்று சொல்ல எனக்கே வாய் கூசுகிறது. நாள் முழுக்கத் தன் பெயரைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு.

அவன் சபையில் புகழ்வாணர் என்றொரு ஜால்ரா. மந்திரி மாசிலாரைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும். ஒருநாள் புகழ்வாணர், "மகாராஜா, விரல், முழம் என்று கண்டவன் கையை வைத்தா நாம் அளப்பது? எல்லா அளவுக்கும் 'நெடுமுடி' என்றே பெயர் வைப்போம்" என்றார்.

"எது சின்னது, எது பெரியது என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டார் மாசிலார்.

"மெதுவாகச் சொன்னால் விரல், உரக்கச் சொன்னால் முழம். நெல் அளக்கும் உழக்குக்கும் மரக்காலுக்கும் அப்படியே. இதுகூட விளங்காதவர் மந்திரியா?"

ராஜா பூரித்துப்போனான். பழைய பெயரைச் சொன்னால் சிறை என்று சட்டம் வந்தது.

மழை பொய்த்த வருஷம் அது. ஏரியில் மிஞ்சிய தண்ணீரை நாற்றுக்குச் சிக்கனமாக விட, மதகை அரை விரல் திறக்கும்படி, 'அரை நெடுமுடி' என்று மெதுவாகச் சொன்னது அரண்மனை. சேதி போனது தண்டோராக்காரன் வழியாக. தண்டோராக்காரன் என்றைக்கு மெதுவாகப் பேசியிருக்கிறான்? "அரை நெடுமுடி" என்று ஊர் அதிரக் கத்தினான். மதகுக்காரன் சின்னாண்டி அரை முழம் திறந்தான். தண்ணீர் பாய்வதைப் பார்த்து மதகுப் பலகையில் கை வைத்தான், ஆனால் மூட உத்தரவில்லை. பொழுது சாய்வதற்குள் ஏரி காலி.

சின்னாண்டியைச் சபைக்கு இழுத்து வந்தார்கள். "இவன் தலையை வாங்க வேண்டும்" என்றார் புகழ்வாணர்.

"சொன்னதைத்தானே சாமி செஞ்சேன்" என்று அழுதான் சின்னாண்டி.

ராஜாவுக்கோ தொடையில் கட்டி, வலி பொறுக்கவில்லை. "முதலில் அதைக் கீறிவிடலாம், தீர்ப்பைப் பிறகு பார்க்கலாம்" என்ற மாசிலார், வைத்தியரை அழைத்துக் காதில் ஏதோ சொன்னார்.

கத்தியைப் பார்த்ததும் ராஜா அலறினான். "அரை நெடுமுடிக்கு மேல் ஆழமாகப் போகாதே."

"உத்தரவு" என்ற வைத்தியர், சின்னக் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் காவலன் இடுப்பிலிருந்த வாளை உருவினார்.

"ஐயோ, விரல்! அரை விரல்!"

ராஜாவின் வாயிலிருந்தே பழைய பெயர் வந்துவிட்டது. "மகாராஜாவுக்குத் திருத்திச் சொல்ல அவகாசம் இருந்தது. சின்னாண்டிக்கு வந்த உத்தரவையும் இப்படித்தான் உரக்கச் சொன்னார்கள்" என்றார் மாசிலார்.

ராஜா தலைகுனிந்தான். சின்னாண்டியை விடச் சொன்னான். காலி ஏரியை விரல் விரலாக அளந்து வரும்படி புகழ்வாணரை அனுப்பினான்.

"மாசிலாரே, உமக்கு என்ன பரிசு வேண்டும்?"

"ஏரித் தண்ணீர், மகாராஜா."

சின்னாண்டி தலையோடு ஊர் திரும்பினான், கருகிய நாற்றின் நடுவே உட்கார்ந்து மறுபடி அழுதான். உழக்குக்கும் மரக்காலுக்கும் அவற்றின் பெயர் திரும்பக் கிடைத்தது. அளக்கத்தான் நெல் இல்லை.