பூசிய தகட்டில் கண்ட கால்சியம்

தொடுவதற்கு முன்பே எதனையும் தொட்டு நிற்பவனும், அளக்க வருவோரின் அளவுகோலுக்குள்ளேயே ஒளிந்திருப்பவனுமாகிய இறைவனின் திருவடியை முதலில் நெஞ்சில் இருத்துகிறேன்.

"அம்மா, கால்சியம் வந்துவிட்டது. கையொப்பம் இட்டுத் தாருங்கள்."

கேட்டவர் திருமலைக்கொழுந்து. எலும்பு முறிவு மருத்துவர், வயது ஐம்பத்தாறு. அவர் முன்னே அமர்ந்திருந்தவர் கோமதி. பொருள்களின் மேற்பரப்பை அளந்தறியும் ஆய்வுக்கூடத்தின் தலைவி. மருத்துவரைவிடப் பதினெட்டு ஆண்டு இளையவர். ஆயினும் மாணவராக வந்தவர் மருத்துவரே.

முறிந்த எலும்பில் டைட்டானியத் திருகு பொருத்துவார்கள். சிலருக்கு அது எலும்போடு ஒட்டாமல் தளர்ந்துவிடும். திருகின் மேல் பெப்டைடு என்னும் புரதத் துணுக்கைப் பூசினால் எலும்பு பற்றிக்கொள்ளும் என்பது மருத்துவரின் நம்பிக்கை. சிறு தகடுகளில் அதைப் பூசினார். உடல்நீரை ஒத்த உப்புநீரில் ஒரு வாரம் ஊறவைத்தார். கழுவி உலர்த்தி, மூடிய கிண்ணங்களில் வைத்திருந்து, பின் எக்ஸ் கதிர்க் கருவிக்குள் வைத்தார். மேற்பரப்பின் மிக மெல்லிய படலத்தில் என்னென்ன தனிமங்கள் உள்ளன என்று அக்கருவி சொல்லும்.

பூசிய தகடுகளில் கால்சியம் இருந்தது. பூசாத வெறும் தகடுகளில் இல்லை. எலும்பின் முதற்படிவம் அதுவே என்று மருத்துவர் மகிழ்ந்தார்.

"ஐயா முகத்தப் பாருங்க, பேரன் பொறந்த மாதிரில்லா இருக்கு!" என்றார் கருவியை இயக்கும் சவரிமுத்து.

"சும்மா இருமய்யா," என்றார் மருத்துவர், சிரிப்பை அடக்க முடியாமல்.

கோமதி அறிக்கைத் தாளைப் புரட்டினார்.

"இது எப்போது போக வேண்டும்?"

"இன்று மாலைக்குள். நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்டால் அடுத்த மாதமே நோயாளிகளுக்குப் பொருத்தலாம். பொன்னுத்தாய் என்று ஓர் அம்மாள். மூன்று முறை திருகு தளர்ந்து, மூன்று முறையும் நானே கழற்றினேன். அடுத்தது நிற்கும் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்."

கோமதி பேனாவை மூடினார்.

"நேற்றுச் செய்ததை அப்படியே செய்து காட்டுங்கள்."

"முடிவுதான் கையில் இருக்கிறதே அம்மா?"

"முடிவைப் பார்த்துவிட்டேன். இன்னும் உங்களைப் பார்க்கவில்லை."

மருத்துவர் கை கழுவினார். கையுறை அணிந்தார், தலைக்கு உறை, வாய்க்கு உறை. வெறும் தகட்டை இடுக்கியால் எடுத்து நேரே கருவியின் தாங்கியில் வைத்தார்.

அடுத்து, பூசிய தகடு இருந்த கிண்ணத்தின் மூடியைத் திறந்தார். தலையுறையைச் சற்று மேலே தள்ளினார். நெற்றியில் காலையில் அணிந்த திருநீறு மூன்று வரியாகத் துலங்கியது. கிண்ணத்தின் மேல் குனிந்தார். கண்மூடி, கைகூப்பி, ஐந்தெழுத்தை உள்ளே ஓதினார். பிறகே தகட்டை எடுத்தார்.

"நேற்றும் இப்படித்தானா?"

"ஒவ்வொரு பூசிய தகட்டுக்கும் இப்படித்தான், அம்மா. என்றும் தவறியதில்லை."

கோமதி எழுந்தார். கிண்ணத்தை அப்பால் நகர்த்தி, அது இருந்த இடத்தில் ஒரு கறுப்புத் தாளை விரித்தார்.

"இன்னொரு முறை வணங்குங்கள்."

மருத்துவர் குனிந்தார். ஓதினார். கண் திறந்தார்.

கறுப்புத் தாளில் வெண்துகள்கள் கிடந்தன.

 சவரிமுத்து எட்டிப் பார்த்தார்.

"திருநீற்றில் சுண்ணாம்புச் சத்து உண்டு," என்றார் மருத்துவர், தமக்குத்தாமே சொல்வது போல. "சுண்ணாம்பில் கால்சியம்."

"திறக்காத கிண்ணம் இருக்கிறதா?"

"இரண்டு உண்டு. இரண்டும் பூசியவை."

"சவரிமுத்து அண்ணன் எடுத்து வைக்கட்டும்."

ஒன்றரை மணி நேரம் கருவி இயங்கியது. திரையில் கோடு எழுந்தது. நைட்ரஜன் இருந்தது, ஆகவே பெப்டைடு இருந்தது. கால்சியம் இருக்க வேண்டிய இடத்தில் கோடு தரையோடு கிடந்தது.

இரண்டாம் தகட்டிலும் அவ்வாறே.

"மாதா சத்தியமா நான் எதையும் தொடல ஐயா," என்றார் சவரிமுத்து.

"உம்மேல் குற்றமில்லை."

மருத்துவர் அறிக்கையை நான்காய்க் கிழித்தார். கைபேசியை எடுத்துப் பொன்னுத்தாயை அழைத்தார். அறை அமைதியாக இருந்ததால் அம்மாளின் குரல் எல்லாருக்கும் கேட்டது.

"அம்மா, புதுத் திருகு இப்போதைக்கு இல்லை. நான் அவசரப்பட்டு வாக்குக் கொடுத்துவிட்டேன்."

"போட்டுட்டுக் கழத்துறதுக்குப் போடாமலே இருக்கலாம் டாக்டரய்யா. கம்பு ஊண்டி நடந்துக்கிடுதேன். நீங்க சாப்பிட்டீங்களா?"

"இனிமேல்தான், அம்மா," என்றார் மருத்துவர். கைபேசியை மேசைமேல் வைத்தார். கோமதியின் பக்கம் திரும்பினார்.

"ஆறு ஆண்டு உழைப்பு, அம்மா. என் வழிபாடே என்னை ஏமாற்றிவிட்டது. நாளை முதல் நெற்றியைக் கழுவிவிட்டு வருகிறேன். வணங்குவதையும் வாசலோடு நிறுத்திக்கொள்கிறேன்."

"நெற்றியைக் கழுவுங்கள். வணக்கத்தை நான் நிறுத்தச் சொல்லவில்லையே."

"பிறகு என் பிழைதான் என்ன?"

கோமதி தாங்கியில் இருந்த வெறும் தகட்டை இடுக்கியால் எடுத்து அவர் முன்னே வைத்தார்.

"இதன்மேலும் குனிந்திருந்தால் இதிலும் கால்சியம் வந்திருக்கும்; பிழை அன்றே தெரிந்திருக்கும். இதற்கு ஏன் ஐயா நீங்கள் குனியவில்லை?"

"அது வெறும் தகடுதானே, அம்மா."

"அதில் அவன் இல்லையா?"

இதனைக் கேட்டோர் எவராயினும், அவர்தம் உடலில் எலும்பும் உள்ளத்தில் மெய்யும் தளராது பற்றி நிற்க, அவனருள் துணை செய்க.