கதவுச் சுவர்

சிவகாசியில் காலண்டர் ஆபீஸ் நடத்திய தங்கப்பழத்தின் அறையில் பழைய ஏசி மண்டையைப் போட்டது. அதில் அவரைவிட அதிகமாக வருந்தியவர்கள் வெளிக்கூடத்தில் தாள் அடுக்கும் பெண்கள்தான். அங்கே தாள் பறக்கும் என்று விசிறிகூடப் போடுவதில்லை. முதலாளி அறைக் கதவு திறக்கும்போது வருகிற ஒரு மூச்சுக் குளிர்ச்சிக்கு, கை வேலையில் இருக்க, முகம் மட்டும் அந்தப் பக்கம் திரும்பும்.

புது ஸ்பிலிட் ஏசி வந்தது.

"கூரையில தகரக் குழாய் எதுவும் வேண்டாம். எந்தச் சுவத்துலயும் மாட்டலாம். உயரத்துல வச்சா தாள்கூட அசையாது" என்றார் மெக்கானிக்.

"சாமி விளக்கு அணையக் கூடாது. அப்பா படத்து மாலை ஆடக் கூடாது. என் கழுத்துல காத்து படக் கூடாது" என்றார் முதலாளி.

எந்தச் சுவரைக் காட்டினாலும் ஏதோ ஒன்று இடித்தது. கூடத்தில் தாள் அடுக்கும் பேச்சி தேநீர் கொண்டுவந்தாள்; அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னம்மா சிரிப்பு? நீ ஒரு சுவரைக் காட்டு, அதுலயே மாட்டுறேன். காட்டலேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!" கூடம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

பேச்சி கதவுச் சுவரைத் தட்டினாள். "இதுதான் மொதலாளி. ஆனா கூடத்துப் பக்கம். விளக்கு அணையாது, மாலை ஆடாது, கழுத்துலயும் படாது."

"அப்போ எனக்கு?"

"கதவைத் திறந்து வைங்க மொதலாளி, வரும். எங்களுக்கு இத்தனை வருசமா அப்படித்தான வந்துச்சு."

முதலாளி சொன்ன சொல்லைக் கூடமே கேட்டிருந்தது. வேறு வழியில்லை.

மறுநாள் முதலாளி கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். கை வேலையில் இருந்தது. முகம் மட்டும் கதவுப் பக்கம் திரும்பியிருந்தது.