விற்கிறவர் எங்கே இருக்கிறார்?

"முந்நூறு போன் நம்பரும்மா. காசு கொடுத்து வாங்கின லிஸ்ட். ஒருத்தன்கூட விக்கிறவன் இல்ல. எல்லாம் சும்மா விலை கேட்டுப் பாக்குற பயலுவ. நீங்க மட்டும் எங்கேருந்து பிடிக்கிறீங்க?"

கேட்டவர் ஆவுடையப்பன். ஐம்பத்து நாலு வயசு. மருந்துக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, பழைய வீடுகளை வாங்கிப் போடுகிற மெட்ராஸ் பார்ட்டி ஒன்றுக்கு வீடு தேடித் தர வந்தவர். எட்டு மாதம் ஆயிற்று. ஒன்றும் அமையவில்லை. வெள்ளிக்கிழமை பார்ட்டி நேரில் வருகிறது. அன்றைக்கு ஒரு வீடாவது காட்டாவிட்டால் ஆளை மாற்றிவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள்.

கேட்டது செண்பகவல்லியிடம். வீட்டுத் தரகர், அவரைவிடப் பத்து வயது இளையவர். பத்திர ஆபீஸ் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதுதான் அந்தம்மாவுக்குக் கடை. வாரம் ஒரு கிரயமாவது அங்கிருந்து எழுந்து உள்ளே போகும்.

"என்னையும் சேத்துக்கோங்க. கத்துக்கிடுதேன்."

"லிஸ்டைக் காட்டுங்க அண்ணாச்சி."

காட்டினார். நம்பர் இருந்த பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு.

அந்தம்மா கையைத்தான் பார்த்தார்.

"எங்கிட்ட லிஸ்டெல்லாம் கிடையாது. போயிட்டு வாங்க."

நம்புவாரா ஆவுடையப்பன்? லிஸ்ட் இல்லாமல் தொழிலா? எங்கேயோ பதுக்கி வைத்திருக்கிறாள்.

மறுநாள் பின்தொடர்ந்தார். ஸ்கூட்டரில்.

செண்பகவல்லி சமாதானபுரத்தில் ஒரு வீட்டுக்குள் போனார். கேட்டில் 'வீடு விற்பனைக்கு' என்று அட்டை. ஆவுடையப்பன் எதிர்க்கடையில் நின்று ஹெல்மெட்டைக் கழற்றாமலே டீ குடித்தார். இரண்டு டீ முடிந்தது. அந்தம்மா வெளியே வந்தார். பின்னாலேயே வீட்டுக்காரர் வந்து அட்டையை அவிழ்த்தார்.

அமுக்கிவிட்டாள். அட்வான்ஸ் போட்டாச்சு.

அந்தம்மா தெருமுனை திரும்பியதுதான் தாமதம், ஆவுடையப்பன் உள்ளே பாய்ந்தார்.

"என்ன விலை பேசினாங்க? அதுக்கு மேல ரெண்டு லட்சம் வாங்கித் தாரேன்."

"விக்கல சார்."

"அட்டை தொங்குச்சே?"

"தொங்குச்சு. மாடியை வாடகைக்கு விட்டா மாசச் செலவு ஓடிரும், எதுக்கு விக்கீயன்னு அந்தம்மா கேட்டுட்டுப் போறாவ. யோசிச்சா சரியாத்தான் இருக்கு. ஆமா, நீங்க யாரு?"

புதன்கிழமை இன்னொரு வீடு. அண்ணன் தம்பி பாகத் தகராறு. முதலில் இரண்டு பேரும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று வாசலில் நின்றே சொல்லிவிட்டு வெறுங்கையோடு வந்தார் அந்தம்மா.

ஆவுடையப்பனுக்கு எரிந்தது. விற்க வந்தவனைத் தடுத்து வைக்கிறாள். ஆறு மாதம் காயப்போட்டு அடிமாட்டு விலைக்குத் தூக்கப் பார்க்கிறாள். நேரே போய்க் கேட்டார்.

"நீங்க தொழில் பண்றீங்களா, தொழிலைக் கெடுக்கீங்களா?"

"ஹெல்மெட்டோட டீ குடிச்சது நீங்கதானா? சூடு எப்படி உள்ள போச்சு?"

அதற்குள் அந்தம்மாவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"யம்மா, நேத்து சமாதானபுரம் வீட்டுக்கு வந்தீங்கல்லா. எங்க மச்சினன் ஓசூர்லயே தங்கிட்டான். இங்க உள்ள வீட்டை வித்து முடிச்சிரணும்ங்கான். புரோக்கர்னாலே அவனுக்கு ஆகாது. உங்ககிட்டன்னா கொடுன்னு நான்தான் சொன்னேன்."

அந்தம்மா போனை வைத்தார். ஆவுடையப்பனைப் பார்த்தார்.

எல்லாம் செட்டப். ஆவுடையப்பன் வண்டியை எடுத்தார்.

வியாழக்கிழமை லிஸ்டிலிருந்தே ஒருவர் சிக்கினார். மாசானமுத்து என்று பெயர். பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, எல்லாம் ஒரே பையில். மகன் கடை வைக்கப் பணம் வேண்டும், விலை நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள் என்றார்.

இவ்வளவு சுத்தமாக ஒருத்தன் விற்பானா? ஆவுடையப்பன் சுவரைத் தட்டினார். பத்திரத்தை வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். பழுதில்லை. அப்போதும் மனசு ஆறவில்லை. எல்லைக்கல் பார்க்கப் பின்பக்கம் போனார்.

கிணற்றடியில் முருங்கைக் கம்பு ஒன்று நட்டிருந்தது. உச்சியில் அப்பிய சாணி இன்னும் காயவில்லை.

"இது யாரு வச்சது?"

"வீட்டுக்காரி. காலைலதான்."

"காய்க்க ஒரு வருசம் ஆகுமே."

மாசானமுத்து வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அவகிட்ட இன்னும் சொல்லல. கோயிலுக்குப் போயிருக்கா. வர்றதுக்குள்ள ஒப்பந்தத்துல கையெழுத்தைப் போட்டுருவோம் சார். பத்திரம் எம் பேர்லதான இருக்கு?"

இருந்தது. அவர் கையெழுத்தே போதும். ஒப்பந்தத் தாள் ஆவுடையப்பன் பையில். பேனா கையில். விடிந்தால் வெள்ளி.

பேனாவைத் திறந்தார். கம்பைப் பார்த்தார்.

பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

வெள்ளிக்கிழமை காலை பார்ட்டிக்குப் போன் போட்டார். காட்ட வீடு இல்லை என்றார். அவர்களும் நீட்டவில்லை. சரி, வேற ஆள் பாத்துக்கிறோம். அவ்வளவுதான்.

அங்கிருந்து நேரே பத்திர ஆபீஸ் வாசல்.

"அந்த ஆளை ஏவிவிட்டது நீங்கதானே? என்னைச் சோதிக்கத்தானே?"

"எந்த ஆளு?"

சொன்னார். செண்பகவல்லி குறுக்கே பேசாமல் கேட்டார்.

"வீட்டம்மா வந்துச்சா?"

"நான் கிளம்பும்போது வந்துட்டாங்க. யாருன்னு கேட்டாங்க. மறைக்க மனசு வரல, எல்லாத்தையும் சொல்லிட்டேன். அந்தாளு தலை நிமிரல."

"அந்தம்மா என்ன சொல்லுச்சு?"

"உள்ள போய்ப் பென்சில் எடுத்துட்டு வந்து என் நம்பரைக் கேட்டு, காலண்டர்ல எழுதிக்கிட்டாங்க."

"எதுக்காம்?"

"எதுக்கோ! போலீஸ்ல கொடுக்கவோ என்னவோ."

செண்பகவல்லி சிரித்தார். அவர் சிரித்து ஆவுடையப்பன் பார்த்தது அன்றைக்குத்தான்.

"நம்பரை மாத்திராதீங்க அண்ணாச்சி. ஒருநாள் போன் வரும்."