பத்தில் ஒரு பங்கு ஆய்வாளர்

மந்தமங்கலம் பள்ளிக்கூடத்தில் அறிவுக்குத்தான் பஞ்சம். சிரத்தைக்கு ஒரு குறையும் இல்லை. எட்டாம் வகுப்பில் நான்கு பேர். நால்வருக்கும் மீசை உண்டு. ஆய்வாளர் பரஞ்சோதி நேரில் வந்து பாடம் கேட்டு, அங்கீகாரப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால்தான் பள்ளி நடக்கும். இல்லாவிட்டால் இழுத்து மூடிவிடுவார்கள்.

அன்று ஆய்வாளர் வரும் நாள். கோமதிநாயகம் வாத்தியார் விடிந்ததுமே பாடத்தைத் தொடங்கிவிட்டார்.

"உள்நாட்டுப் போர் முடிந்தது. ஒரு தரப்பு தோற்றுவிட்டது. அவர்களை மறுபடி நாட்டோடு சேர்ப்பது எப்படி? அதிபர் சொன்னார், தோற்றவர்களில் பத்தில் ஒரு பங்கு விசுவாசச் சத்தியம் செய்தால் போதும் என்று. சபை ஒப்பவில்லை, பாதியாவது செய்யவேண்டும் என்றது. சத்தியம் செய்யாதவன் கையெழுத்து செல்லாது என்றும் சொன்னது. புரிந்ததா?"

"புரிந்தது ஐயா."

"புரிந்தால் போதாது. செய்து பார்த்தால்தான் மனதில் நிற்கும். செய்து பாருங்கள்."

சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

"தோற்றவன் யாருடா?" என்றான் சடையாண்டி.

"நீதான். போன வருடப் பரீட்சையில் தோற்றாயே," என்றான் வீரபாகு.

"எல்லோரும்தானே தோற்றோம்!"

"அப்படியானால் ஜெயித்தது?"

"வாத்தியார். சம்பளம் அவருக்குத்தானே வருகிறது."

இந்தப் பெரிய விவாதம் நடக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. ஆய்வாளர் ஓடிவந்தார், முற்றத்துச் சேற்றில் வழுக்கி மல்லாக்க விழுந்தார்.

"தோற்றுவிட்டார்!" என்று நால்வரும் ஆனந்தமாகக் கத்திக்கொண்டு கதவைத் தாழிட்டார்கள்.

பரஞ்சோதி எழுந்து வந்து தட்டிப் பார்த்தார். கதவு திறக்கவில்லை. கம்பியில்லாத சின்ன ஜன்னலில் தலையை நுழைத்தார்.

"திறங்கடா! நான் ஆய்வாளர்!"

"இப்போது தோற்ற தரப்பு, ஐயா. சத்தியம் செய்தால் சேர்த்துக்கொள்கிறோம்."

மழை முதுகில் அறைந்தது. பரஞ்சோதி பெற்ற தாய்மேல் சத்தியம் செய்தார்.

சடையாண்டி யோசித்தான். "செய்தது வாய். வாய் இருப்பது தலையில். தலை ஆளில் பத்தில் ஒரு பங்கு. அதிபர் திட்டப்படி சரியாகிவிட்டது. தலை நம்ம ஆள்."

"மீதி?"

"மீதி எதற்கு? அதிபரே கேட்கவில்லையே."

"அதெல்லாம் ஆகாது," என்றான் வீரபாகு. "பாதி வேண்டும். இடுப்பு வரைக்கும் சத்தியம் செய்யணும்."

"இடுப்பு எப்படிடா சத்தியம் செய்யும்?"

"அது தோற்றவன் கவலை."

சபைக் கட்சியார் இருவர் தலையைப் பிடித்து உள்ளே இழுத்தார்கள். அதிபர் கட்சியார் இருவர் தோளைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். நாடு ஒன்று சேரும்போது கழுத்து என்ன பாடுபடும் என்பதைப் பாடப்புத்தகம் எழுதாமல் விட்டிருந்தது.

வாத்தியார் திரும்பி வந்தார். ஜன்னலுக்கு வெளியே நின்ற பகுதியைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து, பணிவாக அதற்கு வணக்கம் சொன்னார்.

"கோமதிநாயகம்!" என்று உள்ளேயிருந்து தலை அலறியது. "உங்கள் பள்ளி நூறு வருடம் நடக்கட்டும்! பத்திரத்தைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இவர்களை விடச் சொல்லுங்கள்!"

வாத்தியார் பத்திரத்தைச் சுவரில் வைத்து, பேனாவை ஆய்வாளர் கையில் கொடுத்தார். பேனா காகிதத்தைத் தொட்டது.

"ஐயா, வேண்டாம்!" என்று உள்ளேயிருந்து நான்கு குரல் ஒன்றாக எழுந்தது. "கை வெளியே இருக்கிறது! சத்தியம் செய்யாத கை! செல்லாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்!"

வாத்தியார் அப்படியே நின்றார். அவர் நடத்திய பாடம் ஒன்று ஒருவர் மனதில் நின்றது அன்றுதான் முதல் தடவை. கண்கள் கலங்கின. பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். நனைந்த கைக்குக் குடை பிடித்து, குனிந்து, கனிவாகக் கேட்டார்:

"எங்கே, சொல்லுங்கள் பார்ப்போம். 'இனி விசுவாசமாக இருப்பேன்.'"

கை வாயே திறக்கவில்லை.

"தோற்றும் திமிர் அடங்கவில்லை," என்று பத்திரத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார் வாத்தியார்.